உறுதியளித்த வேகமும் உச்ச வேகமும்: லினக்ஸ் ரூட்டரில் வாடிக்கையாளர் பேண்ட்விட்த்தைப் பங்கிட்ட ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் தமிழகத்துச் சிறுநகரம் ஒன்றில் கேபிள் டிவி தொழிலோடு இணைய இணைப்பும் கொடுத்துவரும் ஓர் ஆபரேட்டரின் நெட்வொர்க்கில், பள்ளிகள் இணையவழியில் வகுப்பு நடத்திய 2020–21 கல்வியாண்டில் நடந்தவற்றை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. நான் அவருடைய ஊழியன் அல்ல. ரூட்டர், சர்வர் வேலைகளுக்காக அவ்வப்போது அழைக்கப்படும் தொழில்நுட்பப் பணியாளன்.

அப்போது அவரிடம் 184 இணைப்புகள் இருந்தன. 10 மெகாபிட் திட்டத்தில் 110 வீடுகளும், 20 மெகாபிட் திட்டத்தில் 54 வீடுகளும், 40 மெகாபிட் திட்டத்தில் 20 வீடுகளும் கடைகளும் இருந்தன. பதிவேற்ற வேகம் எல்லாத் திட்டங்களிலும் பதிவிறக்க வேகத்தில் பாதி. அவருக்கு மொத்தமாக இணையம் விற்கும் மேல்நிலை நிறுவனத்திடமிருந்து அவர் வாங்கியிருந்தது இருபக்கமும் 300 மெகாபிட் கொண்ட ஒரு லீஸ்டு லைன், அதாவது தனி வாடகை இணைப்பு. விற்ற வேகங்களைக் கூட்டினால் 2,980 மெகாபிட் வரும். அதாவது கையில் இருப்பதைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு விற்கப்பட்டிருந்தது. எல்லாரும் ஒரே நொடியில் முழு வேகத்தையும் இழுப்பதில்லை என்பதால் இந்தத் தொழில் எங்குமே இப்படித்தான் நடக்கிறது. ஆகவே இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பத்து மடங்கு என்ற எண், பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை.

ரூட்டராக இருந்தது டெபியன் 10 நிறுவிய ஒரு சாதாரணக் கணினி. அதில் லைன் பக்கம் ஒன்று, வாடிக்கையாளர் பக்கம் ஒன்று என இரண்டு நெட்வொர்க் கார்டுகள் இருந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் நிலையான ஓர் உள் முகவரி உண்டு. வேகக் கட்டுப்பாடு முழுவதும், லினக்ஸின் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக் கருவியான டிசியின் கட்டளைகள் அடங்கிய ஒரு ஸ்கிரிப்டில் இருந்தது. பதிவிறக்கத்தை வாடிக்கையாளர் பக்கக் கார்டிலும், பதிவேற்றத்தை லைன் பக்கக் கார்டிலும் அது கட்டுப்படுத்தியது. எந்தக் கார்டிலும் வெளியே போகும் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) மட்டுமே வரிசையில் நிறுத்தி வைக்க முடியும் என்பதால் இந்தப் பிரிப்பு சரியானதே. லைன் பக்கத்தை அடைவதற்குள், உள் முகவரியைப் பொது முகவரியாக்கும் நேட் மாற்றம் நடந்து உள் முகவரி மறைந்துவிடும். எனவே பதிவேற்றத்துக்கு லினக்ஸின் பாக்கெட் வடிகட்டியான ஐபிடேபிள்ஸ் மூலம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி இட்டு, அந்தக் குறியைக் கொண்டு பிரித்திருந்தார்கள். எழுதியவர் விஷயம் தெரிந்தவர்தான். அவர் வெளிநாட்டு வேலைக்குப் போன பிறகு, புது இணைப்பு வரும்போதெல்லாம் கடையில் கணக்கு பார்க்கும் இளைஞர் பழைய வரியை நகலெடுத்து எண்ணை மாற்றிச் சேர்த்து வந்தார்.

வந்த புகார்கள்

புகார்கள் இரண்டு வகை. காலை ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை, வகுப்பில் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது, படம் உறைந்து நிற்கிறது என்பது ஒரு வகை. இரவு ஏழரை முதல் பத்தரை வரை எதைத் திறந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்பது மற்றொரு வகை. ஆபரேட்டர் இரண்டையும் ஒரே நோயாகப் பார்த்து, இன்னும் 200 மெகாபிட் வாங்கிவிடலாமா என்று கேட்டார். மாதச் செலவு கூடும் முடிவு என்பதால், அளந்து பார்க்க ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

காலைப் புகார்: ஓர் ஆசிரியையின் வீட்டில் கண்டது

முதலில் போனது, 10 மெகாபிட் திட்டத்தில் இருந்த ஓர் ஆசிரியையின் வீட்டுக்கு. "தம்பி, ஸ்பீடு டெஸ்ட் போட்டா பத்து வருது. ஆனா பிள்ளைங்க எல்லாம் மிஸ் குரல் கேக்கலைன்னு எழுதுறாங்க" என்றார். அவர் சொன்ன இந்த இரண்டு செய்திகளும் சேர்ந்தே நோயைக் காட்டிவிட்டன என்பதை நான் பிறகுதான் உணர்ந்தேன்.

அவருடைய மடிக்கணினியிலிருந்து, ஒரு பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் பிங் இரண்டை ஓடவிட்டேன். ஒன்று நம் ரூட்டரின் உட்பக்க முகவரிக்கு, மற்றொன்று மேல்நிலை நிறுவனத்தின் நுழைவாயிலான கேட்வேக்கு. சும்மா இருக்கும்போது முதலாவது 4 மில்லிநொடி, இரண்டாவது 6 மில்லிநொடி. சற்று நேரத்தில் மகனின் கைபேசி வைஃபையில் சேர்ந்து, எடுத்த படங்களைத் தானாகவே மேலேற்றத் தொடங்கியது. ரூட்டருக்கான பிங் 4இலேயே நின்றது. கேட்வேக்கான பிங் 300, 900, 1,700 என்று ஏறி 2,300 மில்லிநொடியில் நிலைகொண்டது. வீட்டு வைஃபையோ ஃபைபரோ காரணமாக இருந்தால் இரண்டு பிங்கும் சேர்ந்தே ஏறியிருக்கும். உட்பக்கம் வரை ஒழுங்காக வந்து ரூட்டரைத் தாண்டும்போது மட்டும் இரண்டு நொடிக்கு மேல் காத்திருக்கிறது என்றால், காத்திருக்கும் இடம் ரூட்டரின் லைன் பக்க வரிசையாகத்தான் இருக்க வேண்டும்.

கடைக்குத் திரும்பி, கைபேசி இன்னும் படங்களை ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் ரூட்டரில் அவருடைய வீட்டுக்கு ஒதுக்கிய வகுப்பின் புள்ளிவிவரத்தை எடுத்தேன் (இது பள்ளி வகுப்பு அல்ல; வேகத்தைப் பங்கிடும் எச்டிபி என்ற டிசி முறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பிரிவு). நிலுவையில் 947 பாக்கெட் நின்றது. எச்டிபி வகுப்புக்கு உள்ளே எந்த வரிசை முறை வேண்டும் என்று சொல்லாமல் விட்டால், லினக்ஸின் கருவான கெர்னல் அங்கே முந்தி வந்தது முந்திப் போகும் சாதாரண வரிசை ஒன்றை வைத்துவிடும். அதன் நீளம் கார்டின் வரிசை நீளமான 1,000 பாக்கெட். தலா 1,500 பைட் என்று கொண்டால் 1,000 பாக்கெட் என்பது 12 மெகாபிட். அதை 5 மெகாபிட் வேகத்தில் காலிசெய்ய 2.4 நொடி ஆகும். ஆசிரியையின் குரல் பாக்கெட் ஒவ்வொன்றும், மகனின் படங்களைச் சுமந்த ஏறத்தாழ ஆயிரம் பாக்கெட்டுகளுக்குப் பின்னால் நின்று தன் முறைக்குக் காத்திருந்தது. வேகத்தை மட்டும் அளக்கும் சோதனைக்கு இது தெரியாது, ஏனெனில் பாக்கெட் எதுவும் தொலையவில்லை, எல்லாம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. இந்தத் தாமதத்துக்குத்தான் கணினி நிரலாளர் ஜிம் கெட்டிஸ் பஃபர்புளோட் என்று பெயர் வைத்தார்.

இரவுப் புகார்: கட்டுப்படாத மேல்வகுப்பு

இரவில் ரூட்டரிலிருந்தே கேட்வேக்கு நூறு பிங் அனுப்பினால் மூன்று, நான்கு திரும்பி வரவில்லை. மேல்நிலை நிறுவனம் 300 மெகாபிட்டுக்கு மேல் வருவதை நிறுத்தி வைப்பதில்லை, வெட்டி எறிகிறது. யாருடைய பாக்கெட் என்று அது பார்ப்பதுமில்லை. வெட்டும் முடிவு நம் கையில் இருக்க வேண்டுமானால், நம் ரூட்டரின் மொத்த வரம்பு லைனின் வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் வரிசை அங்கே கட்டாமல் நம்மிடம் கட்டும். எனவே எல்லா வாடிக்கையாளர்களுக்கும் மேலே இருந்த மேல்வகுப்பை 300இலிருந்து 285 மெகாபிட்டாகக் குறைத்தேன்.

எதுவும் மாறவில்லை. இரவு எட்டு மணிக்குப் பத்து நொடி இடைவெளியில் அந்த மேல்வகுப்பின் பைட் எண்ணிக்கையை இருமுறை குறித்தேன். வித்தியாசம் 371 மெகாபைட், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 297 மெகாபிட். 285 என்று வரம்பு கட்டிய வகுப்பு வழியாக 297 போய்க்கொண்டிருந்தது.

விடை ஸ்கிரிப்டிலேயே இருந்தது. எச்டிபியில் ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு எண்கள் உண்டு. ரேட் என்பது, என்ன நேர்ந்தாலும் கிடைக்கும் என்று உறுதியளிக்கப்பட்ட வேகம். சீல் என்பது, மற்றவர்கள் பயன்படுத்தாமல் விட்டதைக் கடன் வாங்கி எட்டக்கூடிய உச்சம். பழைய ஸ்கிரிப்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு இடத்திலும் விற்ற வேகமே எழுதப்பட்டிருந்தது: 10 மெகாபிட் திட்டத்துக்கு ரேட் 10, சீல் 10. ஒரு வகுப்பு தன் ரேட்டுக்கு உட்பட்டு அனுப்பும்வரை எச்டிபி மேல்வகுப்பிடம் அனுமதி கேட்பதே இல்லை. ரேட்டைத் தாண்டிக் கடன் கேட்கும்போதுதான் மேல்வகுப்பின் வரம்பு குறுக்கே வரும். பிள்ளை வகுப்புகளின் ரேட்டுகளைக் கூட்டினால் மேல்வகுப்பை மிஞ்சுகிறதா என்றும் அது சரிபார்ப்பதில்லை. நாம் 285ஐ வைத்துக்கொண்டு 2,980க்கு உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தோம். கெர்னல் அந்த உறுதிமொழியை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியது.

கெர்னல் பதிவேட்டில் இதற்கான ஜாடை பல மாதங்களாக இருந்ததையும் சொல்ல வேண்டும். ஸ்கிரிப்ட் ஓடும்போதெல்லாம், 20, 40 மெகாபிட் வகுப்புகளுக்கு குவாண்டம் பெரிதாக இருக்கிறது என்ற எச்சரிக்கை வரிவரியாக விழுந்திருந்தது. ரேட்டை ஒரு நொடிக்கான பைட்டாக மாற்றிப் பத்தால் வகுத்துக் கிடைப்பதுதான் குவாண்டம். அது 2,00,000 பைட்டைத் தாண்டினால் கெர்னல் எச்சரிக்கும். 20 மெகாபிட் ரேட்டுக்கு அது 2,50,000 வரும். பலரைப் போல நானும் இந்த எச்சரிக்கையை வேறு இடங்களில் கண்டும் காணாமல் விட்டிருக்கிறேன். ரேட்டில் போட்டிருக்கும் எண் ஒரு வீட்டுக்கு உறுதியளிக்கக்கூடிய அளவுதானா என்று கேட்க வைக்கும் நல்ல தூண்டுதல் அது.

ஸ்கிரிப்டை வரிவரியாகப் படித்ததில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. மூன்று வீடுகளுக்கு அலகு எம்பிட் என்பதற்குப் பதிலாக எம்பிபிஎஸ் என்று எழுதப்பட்டிருந்தது. பேச்சு வழக்கில் எம்பிபிஎஸ் என்றால் மெகாபிட் என்றுதான் எல்லாரும் புரிந்துகொள்கிறோம். திட்டத் துண்டறிக்கையிலும் அப்படியே அச்சிடுகிறோம். டிசி கட்டளைக்கோ அது நொடிக்கு மெகாபைட். ஆகவே 20 என்று எழுதிய இரண்டு வீடுகளுக்கு 160 மெகாபிட்டும், 40 என்று எழுதிய ஒரு கடைக்கு லைனையே மிஞ்சிய 320 மெகாபிட்டும் திறந்துவிடப்பட்டிருந்தன. அந்த இளைஞரைக் குறை சொல்வது நியாயமாகாது. துண்டறிக்கையில் இருந்ததைத்தான் அவர் தட்டச்சு செய்தார்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, உடனே லைனைக் கூட்டுவதில்லை என்பது. ஆசிரியையின் வீட்டுத் தாமதம் அவருடைய 5 மெகாபிட் வரிசைக்குள்ளேயே உண்டானது. லைன் 1,000 மெகாபிட்டாக இருந்தாலும் அது அப்படியேதான் இருந்திருக்கும்.

இரண்டாவது, வீடியோ தளங்களை மட்டும் மாலையில் நெருக்கலாம் என்ற யோசனையை ஏற்பதில்லை என்பது. ஆபரேட்டரின் நண்பர் ஒருவர் இதை அக்கறையோடுதான் முன்வைத்தார். ஆனால் உள்ளடக்கத்தைப் பார்த்து வேகத்தில் பாரபட்சம் காட்டக் கூடாது என்ற நெட் நியூட்ராலிட்டி நிபந்தனை 2018 முதல் இந்தியாவில் இணைய சேவைக்கான உரிமத்திலேயே இருக்கிறது. அது இல்லாதிருந்தாலும் நான் மறுத்திருப்பேன். 10 மெகாபிட்டுக்குப் பணம் கட்டிய வீட்டில் அதை வகுப்புக்குச் செலவிடுவதா, படத்துக்குச் செலவிடுவதா என்பது அந்த வீட்டின் முடிவு.

மூன்றாவது முடிவே மையமானது: ரேட்டையும் சீலையும் பிரிப்பது. விற்ற வேகம் சீலாக அப்படியே இருக்கும். ரேட் அதில் 8 விழுக்காடு மட்டும். 10 மெகாபிட் வீட்டுக்கு 800 கிலோபிட், 20க்கு 1,600, 40க்கு 3,200. எல்லாவற்றையும் கூட்டினால் 238.4 மெகாபிட், மேல்வகுப்பின் 285க்குள் அடங்கும். மீதி கடனாகப் பகிரப்படும். குவாண்டம் ரேட்டிலிருந்தே கணிக்கப்படுவதால், நெரிசலில் கடனும் 1:2:4 என்ற விகிதத்திலேயே பிரியும். கூடுதல் கட்டணம் கட்டியவருக்கு அதே விகிதத்தில் கூடுதல் பங்கு. இந்த 800 கிலோபிட் என்ற எண்ணைப் பார்த்ததும் ஆபரேட்டர் திகைத்தார். 300 மெகாபிட்டை 184 பேருக்குப் பிரித்தால் எப்படிக் கணக்குப் போட்டாலும் ஏறத்தாழ இதுதான் வரும் என்பதையும், பழைய ஸ்கிரிப்ட் இதைவிட அதிகமாக எதையும் தரவில்லை, எழுதி மட்டும் வைத்திருந்தது என்பதையும் காகிதத்தில் போட்டுக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார்.

நான்காவது, ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் சாதாரண வரிசைக்குப் பதிலாக எஃப்கியூ-கோடெல் வைப்பது. 2012இல் லினக்ஸ் 3.5உடன் வந்த இந்த முறை, ஒரு வீட்டுக்குள் ஓடும் ஒவ்வோர் ஓட்டத்தையும் தனித்தனி வரிசையாகப் பிரித்து மாறி மாறி அனுப்புகிறது. எந்த வரிசையிலாவது காத்திருப்பு 5 மில்லிநொடிக்குமேல் நீடித்துத் தொடர்ந்தால் பாக்கெட்டைக் கைவிட்டு, அதன் மூலம் அனுப்புநருக்கு வேகத்தைக் குறைக்கச் சொல்கிறது. எந்தச் செயலி என்று அது பார்ப்பதில்லை. மெல்லிய குரல் ஓட்டமும் கனத்த பட ஓட்டமும் இரண்டு வரிசைகளாகிவிடுவதே போதுமானது. கேக் என்ற புதிய முறையும் எங்கள் கெர்னலில் இருந்தது. ஒரே வீட்டின் லைனுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். இங்கே தேவைப்பட்டது திட்டவாரியான வகுப்புப் பிரிவு என்பதால் எச்டிபியையே வைத்துக்கொண்டோம்.

இவற்றோடு, கார்டுகளில் ஜிஆர்ஓ வசதியை அணைத்தோம். வரும் பாக்கெட்டுகளை ஒட்டி 64 கிலோபைட் வரையிலான ஒரே மூட்டையாக்கும் வசதி அது. 5 மெகாபிட் வரிசையில் அப்படி ஒரு மூட்டை போய்முடிய 100 மில்லிநொடிக்கு மேல் ஆகும். 300 மெகாபிட்டுக்கு அந்த உதவி இல்லாமலேயே கணினி தாக்குப்பிடித்தது.

மாற்றிய இரவும் திங்கள் காலையும்

சனிக்கிழமை நள்ளிரவுக்குப் பின் ஒரு மணிக்குப் புதிய ஸ்கிரிப்டை ஏற்றினோம். ஞாயிறு முழுவதும் எல்லாம் ஒழுங்காக இருந்தது. திங்கள் காலை ஒன்பதே காலுக்குத் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. சில வீடுகளில் இணையம் அடியோடு நின்று, ஓரிரு நிமிடத்தில் தானாக வந்து, மீண்டும் நின்றது. எந்த வீடு என்பதும் மாறிக்கொண்டே இருந்தது.

இங்கே தவறு முழுக்க என்னுடையது. பட்டியலில் இல்லாத முகவரிகளுக்கென்று ஒரு பொது வகுப்பு வைத்து, கட்டணம் கட்டாத கருவி எதுவும் ஓடக் கூடாது என்று அதற்கு 64 கிலோபிட் மட்டும் கொடுத்திருந்தேன். அதற்குள் எஃப்கியூ-கோடெல் வைக்கவும் மறந்திருந்தேன். ஆபரேட்டர் கடையின் சொந்தக் கணினி எந்தத் திட்டத்திலும் இல்லாததால் பட்டியலில் இல்லை. ஞாயிறன்று கடை மூடியிருந்தது. திங்கள் ஒன்பது மணிக்குக் கடை திறந்ததும் அந்தக் கணினி விண்டோஸ் புதுப்பிப்புகளை இறக்கத் தொடங்கி, பொது வகுப்பை நிரப்பியது.

அதனால் கடைக் கணினி மட்டும் மெதுவாகியிருக்க வேண்டும். ஊரில் வீடுகள் ஏன் விழுந்தன? என் பிரிப்பு விதிகள் எல்லாம் ஐபி பாக்கெட்டுகளுக்கானவை. ஏஆர்பி பாக்கெட் ஐபி அல்ல. இந்த முகவரி யாருடைய கருவி என்று ரூட்டர் கேட்கும் கேள்வியும், வீட்டுக் கருவிகள் கேட்டால் ரூட்டர் தரும் பதிலும், எந்த விதியிலும் பொருந்தாமல் அதே பொது வகுப்பில் விழுந்தன. முன்னால் வெறும் 50 பாக்கெட் நின்றாலே 64 கிலோபிட்டில் அவை நகர ஒன்பது நொடிக்கு மேல் ஆகும். ரூட்டர் நொடிக்கு ஒன்றாக மூன்று முறை கேட்டுவிட்டு, பதில் இல்லை என்று அந்த வீட்டைக் கைவிட்டுவிடும். வீட்டுக் கருவி தானாக ஏதாவது கேட்கும்போது அதன் முகவரி மீண்டும் பதிவாகி இணைப்பு உயிர்பெறும். சற்றுப் பொறுத்து மறுபடி சரிபார்ப்பு, மறுபடி கைவிடல். விட்டுவிட்டு வந்ததன் காரணம் அதுதான். ரூட்டரின் அண்டைப் பட்டியலில் சில வீடுகள் தோல்வி என்ற நிலையில் நிற்பதையும், பாக்கெட்டுகளைப் பதிவு செய்யும் டிசிபிடம்ப் கருவியின் பதிவில் ஏஆர்பி கேள்விகள் கொத்தாகத் தாமதித்துக் கம்பியில் ஏறுவதையும் பார்த்த பிறகே எனக்கு விளங்கியது.

ஏஆர்பிக்குத் தனியாக ஒரு வகுப்பும், அதற்கு எல்லாவற்றுக்கும் முந்திய விதியும் சேர்த்தேன். பொது வகுப்பை 2 மெகாபிட்டாக்கி, அதற்குள்ளும் எஃப்கியூ-கோடெல் வைத்து, கடைக் கணினிக்குத் தனி வகுப்பு கொடுத்தேன். பத்து மணிக்கு எல்லாம் அடங்கியது. பழைய ஸ்கிரிப்ட் கையில் தயாராக இருந்தும், காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று முக்கால் மணி நேரம் நான் அதைத் திரும்ப ஏற்றாமல் இருந்தேன். அந்த நேரத்தில் பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். முதல் அழைப்பு வந்த ஐந்து நிமிடத்தில் பழையதை ஏற்றிவிட்டு, இரவில் ஆராய்ந்திருக்க வேண்டும்.

விளைவு

அதே வாரம் ஆசிரியையின் வீட்டில் அதே சோதனையை மீண்டும் செய்தேன். கைபேசி முழு மூச்சாகப் படம் ஏற்றும்போதும் கேட்வேக்கான பிங் 9 முதல் 14 மில்லிநொடிக்குள் நின்றது. பதிவேற்ற வேகத்தை ஒரு கிலோபிட்கூட நாங்கள் கூட்டவில்லை. இரவு எட்டு மணிக்கு மேல்வகுப்பு 285ஐத் தாண்டவில்லை. கேட்வேக்கான பிங்கில் இழப்பு நின்றது. வகுப்புக் குரல் பற்றிய புகார்கள் அந்த மாதமே ஓய்ந்தன.

இரவுப் புகார் முழுதாகத் தீரவில்லை, தீர்ந்திருக்கவும் முடியாது. நெரிசல் நேரத்தில் 40 மெகாபிட் வாடிக்கையாளர்களுக்கு 22 முதல் 25 வரைதான் வந்தது. முன்பு அலகுப் பிழையால் தாராளமாகப் பெற்றுவந்த மூன்று வாடிக்கையாளர்களும் வேகம் குறைந்துவிட்டது என்று உண்மையாகவே வருந்தினார்கள். நடந்ததை மறைக்காமல் அவர்களிடம் ஆபரேட்டர் நேரில் போய்ச் சொன்னார். வரிசையைச் சீராக்குவதால் இருப்பது நியாயமாகப் பங்காகும், இல்லாதது உண்டாகாது. இரண்டு மாதம் கழித்து 100 மெகாபிட் கூடுதலாக வாங்கினார். மேல்வகுப்பு 380 ஆனது. முதலில் நினைத்த 200இல் பாதியே போதுமாக இருந்தது.

மாற்றிக்கொண்டவை

ஸ்கிரிப்ட் இப்போது கையால் எழுதப்படுவதில்லை. வாடிக்கையாளர் கணக்குப் பட்டியலிலிருந்து உருவாகிறது. அலகு எழுதும் இடம் மனிதர் கைக்கே வருவதில்லை. ரேட்டுகளின் கூட்டுத்தொகை மேல்வகுப்பை மிஞ்சினால் அது ஓட மறுத்து, எவ்வளவு மிஞ்சுகிறது என்று சொல்லி நின்றுவிடும். புது இணைப்புகளை மொத்தமாகச் சேர்த்த ஒரு மாதத்தில் இது ஒருமுறை நின்றது. அன்று ஆபரேட்டர் என்னை அழைக்காமல் தானே கூட்டுத்தொகையைப் படித்து, லைனைக் கூட்டும் நேரம் வந்துவிட்டது என்று புரிந்துகொண்டார். பொது வகுப்பின் நிலுவை இருபது பாக்கெட்டைத் தாண்டினால் எனக்குக் குறுஞ்செய்தி வருகிறது.

ஒன்று மட்டும் இன்னும் செய்யப்படாமல் இருக்கிறது. இந்த விதிகள் அனைத்தும் ஐபிவி4 முகவரிகளுக்கு மட்டுமே. மேல்நிலை நிறுவனம் புதிய வகை முகவரியான ஐபிவி6 தரும் நாளில், அதற்குரிய விதிகள் எழுதப்படாவிட்டால், ஊரின் பாதிப் போக்குவரத்து அந்த 2 மெகாபிட் பொது வகுப்பில் வந்து விழும். அந்த விதிகளை எழுதி, நள்ளிரவில் இரண்டு வீடுகளில் மட்டும் சோதித்துப் பார்க்கும் வேலையை அடுத்து எடுத்திருக்கிறோம்.